ஒரு பெர்த்... ரெண்டு பேரா?

தீபாவளிக்கு மதுரை வர, பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த்தான் பாக்கி. எழும்பூர் கவுன்ட்டரில் ஒருத்தர், தாம்பரம் கவுன்ட்டரில் இன்னொருத்தர், ஒரே நொடியில் கேட்கிறாங்க. ரெண்டு பேருக்கும் அதே பெர்த் கிடைச்சா ராத்திரி ரயிலுக்குள்ளே குருக்ஷேத்திரம்தான்! ஏன் அப்படி ஆகறதில்லை?

ரயில்வேயின் 'கான்சர்ட்' முன்பதிவு மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் ஆரம்பிச்சு, 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை மையங்களையும் ஒண்ணா இணைச்சது. அது உருவானது வி.எம்.எஸ். கிளஸ்டரில். சர்வர்கள் பல... ஆனா டிஸ்க் எல்லாத்துக்கும் பொது. ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு வேலையைத் தொடரும். பெர்த்தைத் தொடும்முன் 'லாக்' வாங்கணும். முதலில் வாங்கினவருக்கு பெர்த், அடுத்தவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்!

ஆரக்கிள் ஆர்.ஏ.சி.யும் இதே குடும்பம்தான். ரேம் தாராளமா இருந்தா, ஒரே கம்ப்யூட்டரில் பழகலாம்.

* விர்ச்சுவல் பாக்ஸில் ரெண்டு லினக்ஸ் மெஷின் போடுங்க. பொது டிஸ்கை 'ஃபிக்ஸட் சைஸ்' ஆக உருவாக்கி, 'ஷேரபிள்' ஆக மாத்தி, ரெண்டிலும் மாட்டுங்க. தேவைக்கேத்தபடி வளரும் டைனமிக் டிஸ்க் இதுக்கு ஆகாது.

* அதில் சாதாரண ஃபைல் சிஸ்டம் போட்டு மவுன்ட் பண்ணிடாதீங்க! 'டிஸ்க் எனக்கு மட்டும்தான்'னு நினைச்சு ரெண்டு மெஷினும் எழுதும். மெஸ் அக்கவுன்ட் நோட்டில் ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம கணக்கு எழுதின கதைதான். டிஸ்கை அப்படியே ஏ.எஸ்.எம்.மிடம் ஒப்படைச்சிடுங்க.

* ரீஸ்டார்ட் ஆனா டிஸ்கின் பேர் மாறலாம். 'யூடெவ்' விதி எழுதி, ரெண்டு மெஷினிலும் நிரந்தரப் பேர் வைங்க.

* 'வோட்டிங் டிஸ்க்' மூணு வேணும். சர்வர்களுக்கு நடுவே நெட்வொர்க் அறுந்தா, 'நான்தான் உயிரோட இருக்கேன்'னு ரெண்டும் எழுத ஆரம்பிச்சிடக் கூடாது இல்லையா? யார் வெளியேறணும்னு இந்த டிஸ்க் பதிவை வெச்சுத்தான் முடிவாகும். பாதிக்கு மேல் வோட்டிங் டிஸ்க் எட்டாத சர்வரும் அவுட். மூணில் ஒண்ணு போனாலும் ரெண்டு மெஜாரிட்டி. ரெண்டே வெச்சா, ஒண்ணு போனதும் மெஜாரிட்டியும் போச்சு!

எல்லாம் ஓடுதா? இப்ப ஒரு மெஷினை பட்டுன்னு ஆஃப் பண்ணுங்க. இன்னொண்ணு பதில் சொல்லுதா பாருங்க. அதுதான் உங்க புராஜெக்ட் டெமோ.

ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க. சர்வர் செத்தா கிளஸ்டர் காப்பாத்தும். ஆனா நீங்களே தப்பா ஒரு டேபிளை அழிச்சா, பொது டிஸ்க் ஆச்சே... எல்லா சர்வரிலும் காலி! அதனால பேக்கப் தனி டிஸ்கில், தனியா. வைவாவில் இதைச் சொல்லிப் பாருங்க, எக்ஸ்டர்னலே நிமிர்ந்து உட்காருவார்!