ஆணை வந்தது, இரும்பு வரவில்லை

மேல்மாடி ஆய்வுக்கூடத்துக்குப் படியேறும்போதே நம்மில் சிலருக்கு மூச்சு வாங்குகிறது. "இந்த வயதில் என்ன களைப்பு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சோம்பல் என்று முடிவுகட்டுமுன் நம் இரத்தத்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா?

உடலின் ஒவ்வொரு செல்லும் தனக்குப் பிராணவாயு போதுமா என்று ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. இதற்காக ஹெச்.ஐ.எஃப். என்னும் புரதத்தை இடைவிடாமல் தயாரிக்கிறது. வாயு போதிய அளவு இருந்தால், தயாரித்த கையோடு அதை அழித்தும் விடுகிறது. (இதென்ன வீண் வேலை என்று எங்களுக்கும் முதலில் தோன்றிற்று!) வாயு குறைந்தாலோ, அப்புரதம் அழியாமல் தங்கி, உட்கருவுக்குள் சென்று, வேண்டிய மரபணுக்களை இயக்கிவிடுகிறது. எப்போதும் ஆயத்தமாக இருப்பதால் ஆபத்து வேளையில் தாமதமில்லை. இந்த நுட்பத்தைக் கண்டறிந்த கெலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகிய மூவரும் 2019-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

சிறுநீரகத்தில் இவ்வாறு நிகழும்போது எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. 'சிவப்பணுக்களைப் பெருக்கு' என்று எலும்பு மஜ்ஜைக்கு அது ஆணையிடுகிறது. லடாக் போன்ற உயர்ந்த மலைப்பகுதிக்குச் சென்று தங்குபவர்களுக்குச் சில வாரங்களில் சிவப்பணுக்கள் கூடுவது இதனால்தான்.

நமது கரிசல் காட்டில் காற்றுக்கா பஞ்சம்? காற்று இருக்கிறது; அதைச் சுமக்கும் ஹீமோகுளோபின்தான் குறைவு. அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். சிறுநீரகம் எத்தனை முறை ஆணையிட்டாலும், இரும்பில்லாத மஜ்ஜை என்ன செய்யும்? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை.

இதற்காகத்தான் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை தருகிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: எங்களில் பலர் அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்திருக்கிறோம். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது. எனவே மதிய உணவுக்குப் பிறகு தருவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. சாப்பிட்டதும் டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடலில் சேராது. வீட்டில் ஆட்டு ஈரல் வாங்கினால் அது ஏன் அண்ணன் தட்டுக்கே போகிறது? மாதந்தோறும் இரத்தம் இழப்பவர்கள் நாங்களல்லவா? ஈரலுக்கு வசதியில்லை என்றால் கம்பு இருக்கிறது, முருங்கைக்கீரை இருக்கிறது. கூடவே ஒரு நெல்லிக்காய். கம்பங்கூழைக் கண்டு முகம் சுளிப்பது எங்கள் தவறு, அதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு மாத்திரையும் விழாது என்று எங்கள் வகுப்பில் பேசி வைத்திருக்கிறோம். இரண்டு பேர் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.