சோற்றுப் பொதியும் வீதித் தடையும்



2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் நம் மலைகளை உலுக்கியதை நீங்கள் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நமது கண்டி மாவட்டமே. லயம் போயிற்று; மரக்கறிப் பாத்தி போயிற்று; சிலருக்குப் பெற்ற பிள்ளையும் போயிற்று. அந்த நாட்களில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகிறேன். விஷயம் சிறியதுதான். ஆனால் அதற்குள் நம் சமூகத்தின் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது.

பாடசாலைக் கட்டிடமொன்றில் தங்கியிருந்த தாய்மார் சிலர் என்னிடம் வந்தார்கள். "பாதர், மலைக்குப் போற ரோட்ட மறிச்சுக்கிட்டு நிக்கிற பொலிஸ்காரவுங்க விடியக்காலையில இருந்து மழையில நிக்கிறாங்க. நமக்கு ஆக்குறதுல அவுங்களுக்கும் நாலு பார்சல் கட்டிக் குடுக்கலாமா?" என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்லுமுன் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "எண்பத்து மூணுல நம்ம கடைங்க எரியுறப்ப இவுங்க எங்க நின்னாங்க? இப்ப சோறு வேற குடுக்கணுமா?" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் சிரித்தான். "குடுங்க அக்கா, நல்லாக் குடுங்க. அப்பத்தான் மேல போயி லீக்ஸ் பிடுங்க விடுவாங்க" என்றான்.

ஒருவருக்குக் கோபம், மற்றவருக்குக் கணக்கு. இரண்டுக்கும் நாம் பதில் காணவேண்டும்.

முதலில் பெரியவரின் கோபத்தை எடுத்துக்கொள்வோம். அது பொய்யான கோபமல்ல. 1983 ஜூலையில் கண்டி நகரிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகனை, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பொலிஸார் உரிய நேரத்தில் தடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. ஆகவே நம் முதியோர் சீருடையைக் கண்டால் உள்ளுக்குள் ஒடுங்குவதில் வியப்பில்லை. அதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் நினைவில் வைத்திருப்பது வேறு. பழைய கணக்கைப் புதிய ஆளிடம் தீர்ப்பது வேறு. அன்று அந்தத் தடையருகே நின்றவர்களில் மூத்தவருக்கே முப்பது வயதிருக்கலாம். ஒருவர் அநுராதபுரத்துப் பக்கம், மற்றவர் குருநாகல் பக்கம். நெல் விதைக்கும் வீட்டுப் பிள்ளைகள். தங்கள் ஊரிலும் குளம் உடைத்து வயல் மூழ்கியிருக்குமோ என்ற கவலையோடு நம் மலையைக் காத்து நின்றார்கள். பசிக்கு இனமும் இல்லை, சீருடையும் இல்லை.

இதற்குக் கண்டி நகரே சாட்சி. 2025 ஏப்ரலில் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் புனித தந்த தாது மக்கள் தரிசனத்துக்காக வைக்கப்பட்டபோது, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தார்கள். இரவு பகலாக வரிசையில் நின்றவர்களுக்கு நகரத்து வீடுகளிலிருந்து சோறும் தண்ணீரும் வந்தன. முஸ்லிம் மக்கள் பள்ளிவாசல்களைத் திறந்து யாத்திரிகர்கள் இளைப்பாற இடம் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே மாவட்டத்தில் அடிபட்ட சமூகம் அது என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்கள் 2018ஐ மறந்துவிட்டுச் செய்யவில்லை. நினைவில் வைத்துக்கொண்டே செய்தார்கள். ஆகவே, கொடுப்பவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் நமக்கு வேண்டியதில்லை.

இனி இளைஞனின் கணக்குக்கு வருவோம். உண்மையில் பெரியவரின் கோபத்தைவிட இவனுடைய சிரிப்புத்தான் என்னை அதிகம் கலங்க வைத்தது. ஏனெனில் அவன் சொன்னது புதிய யோசனையல்ல. காலங்காலமாக நம் மக்களுக்குப் பழகிப்போன வழி. தோட்டத்தில் கங்காணிக்கு ஒரு கோழி, கந்தோரில் ஒரு வெற்றிலைத் தட்டு, பொலிஸ் நிலையத்தில் ஒரு போத்தல். உரிமை இல்லாதவன் தயவை வாங்கியே பிழைக்கவேண்டும் என்று நமக்குப் படிப்பித்துவிட்டார்கள்.

அந்தத் தடை அங்கே ஏன் போடப்பட்டது? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு அபாயத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், அங்குள்ளவர்கள் வெளியேறவேண்டும். மழை விட்டவுடன் ஆபத்து விலகிவிடுவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய நீர் நாட்கணக்கில் உள்ளேயே நிற்கும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போய்த் திறக்க முடியாத கதவு, இவையெல்லாம் மலை இன்னும் நகர்கிறது என்பதற்கு அடையாளங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு நாலு சோற்றுப் பொதி கொடுத்து வழி வாங்கினால், நாம் வாங்குவது லீக்ஸையா, நம் சாவையா?

இன்னொன்றையும் யோசியுங்கள். சோற்றுப் பொதிக்குத் திறக்கும் தடை, பணக்கட்டுக்கு இன்னும் அகலமாகத் திறக்கும். நாம் ஒரு கட்டுக் கீரை பிடுங்க மேலே போவோம். மற்றவன் லொறியோடு போய் விழுந்த மரங்களையெல்லாம் ஏற்றி வருவான். சட்டத்தை விலைக்கு வாங்கும் சந்தையில் ஏழை என்றைக்கும் வென்றதில்லை. நமக்கு இருக்கும் ஒரே பலம், சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கேட்பதுதான். அந்தப் பலத்தை ஒரு பார்சலுக்கு விற்றுவிடலாமா?

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி, அரச உத்தியோகத்தரின் கடமையைத் தனக்குச் சாதகமாக வளைப்பதற்காக ஒன்றைக் கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் வந்த படைவீரர்களும், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரிடமும் மிரட்டிப் பறிக்காமல் கிடைக்கும் சம்பளத்தோடு திருப்தியாயிருக்கச் சொன்னார். அப்படி இருக்க விரும்பும் பொலிஸ்காரருக்கு நாமே சோதனையாகிவிடக் கூடாது.

அப்படியானால் சோறு கொடுப்பதா, விடுவதா? கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும்.

பொதுப் பானையிலிருந்து கொடுங்கள். தனி வீட்டிலிருந்து தனியாளுக்குப் போகும் சோறு சிறிது நாளில் தனி உறவாகிவிடும். பகலில், எல்லாரும் பார்க்க, இரண்டு மூன்று பேராகப் போய்க் கொடுங்கள். இளம் பெண்களைத் தனியே அனுப்பவே வேண்டாம். நாம் உண்பதையே கொடுங்கள். அவர்களுக்கென்று கோழி அடிக்கவேண்டியதில்லை. ஒரு கிலோ அரிசியில் ஆறேழு பொதி கட்டலாம். பருப்பும் பலாக்காய்க் கறியும் சம்பலும் போதும். தேங்காய்ப்பால் விட்ட கறி சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே ஆக்கிய சூடு ஆறுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். முகாமில் பிள்ளைக்கும் நோயாளிக்கும் போதாத நாளில் கொடுக்காமல் விடுவது பாவமல்ல. ஆண்களே, விறகு பிளப்பதும் பாத்திரம் கழுவுவதும் உங்கள் பங்கு. ஏற்கெனவே களைத்துப்போன பெண்களின் முதுகில் நம் தாராள மனத்தையும் ஏற்றிவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சோற்றோடு எந்தக் கோரிக்கையையும் கொண்டுபோகாதீர்கள். கோரிக்கைக்கு வேறு வழி இருக்கிறது. விளைந்த மரக்கறியை எடுக்கவேண்டுமா? ஆபத்தில்லை என்று அதிகாரிகள் சொல்லும் நாளில், குறித்த நேரத்துக்கு, அவர்கள் கூட வர, எல்லாக் குடும்பங்களும் முறை வைத்துப் போக அனுமதி கேளுங்கள். குழுவாகச் சேர்ந்து கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச மொழி. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தால், உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்காதீர்கள். பொலிஸ்காரர் அநியாயம் செய்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். இலஞ்சம் கேட்டால் 1954 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நேற்றுச் சோறு கொடுத்தோமே என்பதற்காக இன்று வாயை மூடவேண்டியதில்லை. இன்று முறைப்பாடு செய்தோமே என்பதற்காக நாளை சோற்றை நிறுத்தவும் வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு.

அன்று தாய்மார் பொதுப் பானையிலிருந்து வாழையிலையில் பொதி கட்டினார்கள். இருவர் போய், "சாப்பிடுங்க ராலஹாமி" என்று நீட்டினார்கள். இளைய பொலிஸ்காரர் முதலில் தயங்கினார். பிறகு மழைக்குடைக்குள் குந்தியிருந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். சம்பலில் உறைப்பு அதிகம் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள்.

தடை திறக்கவில்லை. பெண்கள் திறக்கச் சொல்லவும் இல்லை. அதே வாரத்தில் அந்த இளைஞனே உட்கார்ந்து பிரதேச செயலாளருக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினான். நாற்பது குடும்பத்தார் கையெழுத்திட்டார்கள். பெரியவர் சோற்றுக்குக் கடைசி வரை சம்மதிக்கவில்லை; ஆனால் கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

நிலமும் வீடும் திரும்பக் கிடைக்க இன்னும் எத்தனையோ கந்தோர் படிகளை நாம் ஏறவேண்டியிருக்கும். அங்கெல்லாம் ஒரு கையில் சோறும் மறு கையில் மனுவுமாகப் போகவேண்டாம். சோற்றை அன்பாகக் கொடுப்போம். மனுவை உரிமையோடு கொடுப்போம்.