வெற்றிடக் குழாயும் மின்கம்பியும்

நேயர் ஒருவர் தம்மிடமுள்ள 1966-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. வண்டியைப் பற்றி நமக்கு எழுதியிருக்கிறார். நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடுகிறதாம். முழுவதும் மிதித்தாலும் குறையில்லையாம். நிதானமாகச் சமவேகத்தில் செல்லும்போது மட்டும் விக்கி விக்கித் தடுமாறுகிறதாம். பட்டறையில் இரண்டு கார்ப்புரேட்டர்களையும் இங்கிலாந்திலிருந்து புதிதாக வரவழைக்கச் சொல்லிவிட்டார்கள். வரவழைக்கலாமா என்பது அவரது வினா. சற்றுப் பொறுத்திருக்குமாறு அன்பரை வேண்டிக்கொள்கிறோம். செலவில்லாத சோதனை ஒன்று அதற்கு முன்பு இருக்கிறது.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் செய்யப்பட்ட இருவர் வண்டி. அதன் 1798 சி.சி. எஞ்சின் கொல்கத்தாவாசிகளாகிய நமக்கு அந்நியமானதன்று. பக்கத்து உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடர், நெடுங்காலம் சுமந்து திரிந்த 1489 சி.சி. எஞ்சினும் இதுவும் 'பி' வரிசை என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை. ஆகவே மல்லிக் பஜார் மிஸ்திரி எவரும் இதன் மூடியைத் திறந்து திகைக்க வேண்டியதில்லை. அம்பாசடரோ பழைய பியட்டோ வைத்திருக்கும் அன்பர்களுக்கும் கீழ்வருவன பெரும்பாலும் பொருந்தும்.

பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. த்ராட்டில் தகடு வழியை மறித்து நிற்பதால் மானிபோல்டில் காற்றழுத்தம் குறைகிறது. இதையே வெற்றிடம் என்கிறோம். நல்ல எஞ்சினில், ஐட்லிங்கின்போது, இது சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு இருக்கும். இந்த இலவச ஆற்றலைக் கொண்டு வண்டி செய்தோர் பல வேலைகளை வாங்கினர். 1968 முதல் 1982 வரை வந்த அமெரிக்கக் கார்வெட்டில் முகவிளக்குகளை மேலே எழுப்புவதே வெற்றிடந்தான். அதில் ஒரு குழாய் விரிசல் கண்டால், ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடிக்கொண்டு வண்டி நம்மைப் பார்த்துச் சிமிட்டும்! எம்.ஜி.பி.யில் அவ்வளவு சிக்கல் இல்லை.

அதன் டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கத்தில் வட்டமான சிறு டப்பா ஒன்று இருக்கிறது. அதனுள் மெல்லிய சவ்வு. கார்ப்புரேட்டரிலிருந்து வரும் குழாயின் வழியே காற்று இழுக்கப்படும்போது சவ்வு அசைந்து, பிளாட்டினம் பாயிண்டைத் தாங்கும் தட்டைச் சிறிது திருப்புகிறது. தீப்பொறி சற்று முன்னதாகப் பிறக்கிறது, பெட்ரோல் மிச்சமாகிறது. குழாயின் வாய் த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி அமைந்திருப்பதால் ஐட்லிங்கில் இழுப்பு இல்லை. தகடு முழுவதும் திறந்தாலும் இல்லை. பாதி திறந்து சமவேகத்தில் செல்லும்போதுதான் இழுப்பு மிகுதி. அன்பரின் வண்டி தடுமாறுவதும் அந்த வேளையில்தானே!

அத்தட்டு திரும்புந்தோறும் கூடவே மடங்குகிற கம்பி ஒன்று உள்ளே உண்டு. நீளம் விரலளவுகூட இராது. காயிலிலிருந்து வரும் கம்பியைப் பாயிண்டோடு இணைப்பது அதுவே. தட்டுக்கு எர்த் கொடுக்கும் சிறு கம்பி மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் மடங்கி மடங்கி, மேலுறை முழுமையாய் இருக்கையிலேயே உள்ளிருக்கும் செம்பிழைகள் அறுந்துபோகின்றன. தட்டு அசையாதவரை அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டிருக்கும். வெற்றிடம் இழுத்ததும் பிரிந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது நல்ல கம்பி. பழியோ கார்ப்புரேட்டர் மேல்.

சோதனை இதுதான். குழாயை டிஸ்ட்ரிப்யூட்டர் முனையில் கழற்றி, அதன் வாயைத் தக்கையால் இறுக அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தடுமாற்றம் நீங்கினால் குற்றவாளி பெரும்பாலும் இருவரில் ஒருவர்: கிழிந்த சவ்வு அல்லது அறுந்த கம்பி. டப்பாவில் சுத்தமான ரப்பர்க் குழாய் ஒன்றைச் செருகி வாயால் உறிஞ்சி, நுனியை நாவினால் மூடிக்கொள்ளுங்கள். தட்டு திரும்பி அப்படியே நின்றால் சவ்வு நலம், கம்பிகளை மாற்றுக. நில்லாமல் திரும்பி வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, டப்பாவை மாற்றுக. கார்ப்புரேட்டரின் திருகுகளைத் தொடவே வேண்டாம். ஒரு கோளாற்றுக்காகப் பல திருகுகளைத் திருகியபின், மூலக் கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று பிரித்தறிவது அரிது.

குழாயை அடைத்தும் தடுமாற்றம் நீங்காவிடில் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். எஞ்சின் ஓடுகையில் மானிபோல்டு இணைப்புகளிலும் கார்ப்புரேட்டரின் த்ராட்டில் தண்டு முனைகளிலும் சிறிது தண்ணீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் எஞ்சினின் ஒலி மாறும். தண்டு தேய்ந்த வண்டிகளில் இது சாதாரணம். சில பட்டறைகளில் தண்ணீருக்குப் பதிலாகப் பெட்ரோலைத் தெளிக்கும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பிரேக்குக்கு வெற்றிடச் சர்வோ பொருத்திய வண்டியானால் கசிவு உயிர்ப் பிரச்சினை. எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து, அது கடினமானதும் காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சிறிது தாழ வேண்டும். தாழாவிடில் வண்டியைத் தெருவில் இறக்கலாகாது.

மின்கம்பிகளில் நிறமே மொழி. பழுப்பு, சாவி இல்லாமலே எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை, சாவி திருப்பியபின். பச்சை, அதுவே பியூஸ் கடந்தபின். கறுப்பு, எர்த். இவ்வாண்டு வண்டியில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்தது. 1967-இன் பிற்பகுதியில்தான் எதிர்முனைக்கு மாற்றினர். இடையில் யாரேனும் மாற்றியும் இருக்கலாம். ஆதலின் எதையும் பொருத்துமுன் இதனைப் பார்த்துக்கொள்க. எஞ்சின் ரப்பர் மேல் அமர்ந்திருப்பதால் அதற்குத் தனி எர்த் பட்டை உண்டு. அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கம்பி வழியாகப் பாய்ந்து அதைக் கொதிக்க வைக்கும். ஸ்டார்ட் செய்யும்போது டாஷ்போர்டில் புகை கண்டால் முதலில் இப்பட்டையைப் பாருங்கள்.

பியூஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வண்டியில் வேலை செய்யும் பியூஸ்கள் இரண்டே. பழுப்புக் கம்பிக்கும் முகவிளக்குகளுக்கும் பியூஸ் கிடையாது. இருக்கிற இரண்டின் மேலும் 35 என்று எழுதியிருக்கும். பழைய லூகாஸ் கணக்கில் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியரே. இன்று கடையில் 35 என்று கேட்டால், 35 ஆம்பியரையும் ஓயாமல் தாங்கும் பியூஸைக் கொடுப்பார்கள். அதைப் போட்டால், கோளாறு நேரும்போது பியூஸுக்கு முன் கம்பி உருகித் தீப்பற்றும். ஆகவே புதுக் கணக்கில் 15 அல்லது 20 என்று கேட்டு வாங்குக.