கரும்பு வண்டியிலிருந்து தொடங்கட்டும் மென்பொருள் தேர்வு

அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கம் வழியாகப் போகிறவர்களுக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் புதிதல்ல. விழுப்புரம் வட்டாரத்தில் காணை, திருவெண்ணெய்நல்லூர் பக்கமெல்லாம் கரும்பு போட்டவர்களுக்கு ஆண்டு முழுவதும் இருக்கும் கவலை இரண்டு: வெட்டு உத்தரவு எப்போது வரும், பணம் எப்போது வரும்? வெட்டிய கரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. நேரம் ஆக ஆக எடை குறையும், சர்க்கரைச் சத்தும் சிதையும். 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடுவதுதான் நல்லது.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சர்க்கரை ஆலைக்குள் ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பதிவு கோட்ட அலுவலகத்தில், எடை எடைமேடையில், பிழிதிறன் ஆய்வகத்தில், கடன் பிடித்தம் கணக்குப் பிரிவில், சர்க்கரை இருப்பு கிடங்கில். இவற்றையெல்லாம் ஒரே கணக்கில் கோப்பதற்கென்று வந்ததுதான் தொழில் வட்டாரத்தில் இ.ஆர்.பி. என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த மென்பொருள். தேவைதானா என்று கேட்டால், சர்க்கரை ஆலை அளவுக்குத் தேவைதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் கோளாறு. குளிரூட்டிய அறையில் விற்பனையாளர் டெமோ காட்டுவார், திரையில் வண்ண வண்ண வரைபடங்கள் ஓடும், விலை பேசி முடிப்பார்கள். எடைமேடை எழுத்தருக்கும் கரும்பு அலுவலருக்கும் அந்த அறையில் இடம் இருக்காது.

டெமோவில் தெரியாத ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. தொழிற்சாலைக்கான திட்டமிடல் மென்பொருள் 1960-களில் அமெரிக்காவில் உருவானபோது, பல உதிரிபாகங்களைச் சேர்த்து ஒரு பொருளாக்கும் ஆலைகளே அதன் கண்முன் இருந்தன. சர்க்கரை ஆலையில் கதை தலைகீழ். உள்ளே போவது கரும்பு ஒன்று; வெளியே வருவது சர்க்கரை, கழிவுப்பாகு, சக்கை, ஆலைக்கழிவு மண். சக்கை திரும்பக் கொதிகலனுக்குப் போய் நீராவியும் மின்சாரமும் ஆகிறது. நட்டும் போல்ட்டும் எண்ணத் தெரிந்த மென்பொருளால் இந்தக் கணக்கைப் போட முடியாது. பிறகு ‘கஸ்டமைசேஷன்’ என்று தொடங்கும் செலவு, வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

அதனால் விற்பனையாளரிடம் ஆலையின் மிக மோசமான ஒரு நாளைக் கொடுத்து, ‘இதை ஓட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்பதே நல்ல சோதனை. மழை பெய்து வயலுக்குள் வண்டி போகவில்லை. ஆலையில் மில் நின்றுவிட்டது. வாசலில் நாற்பது டிராக்டர்கள். ஒருவருக்குப் பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரில், பதிவு மகன் பெயரில், பயிர்க்கடன் மனைவி பெயரில். வெட்டுக் கூலி முன்பணத்தைக் கழிக்க வேண்டும். இன்னொருவருடையது குத்தகை நிலம். இத்தனையும் தாங்கி இரவுக்குள் சரியான ரசீது போட்டால் பேச்சைத் தொடரலாம். திணறினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

எந்த மென்பொருள் என்பதைவிட எந்த மாதம் என்பது பல நேரம் பெரிய கேள்வி. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் ஒருங்கிணைந்த அமைப்பைக் கொண்டுவந்தது. 48 மாதம் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதத்தில் முடிக்கப் பார்த்து, 1999 ஜூலையில், ஹாலோவீன் விற்பனைக்குச் சரக்கு கேட்டு ஆர்டர்கள் குவியும் நேரத்தில் இயக்கத்துக்கு விட்டார்கள். கிடங்கில் மிட்டாய் இருந்தது, கடைக்குத்தான் போகவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்கள் தேங்கின. சர்க்கரை ஆலைக்கும் இது பொருந்தும். அரவை நின்று இயந்திரப் பராமரிப்பு நடக்கும் மாதங்களில்தான் புதிய அமைப்பை இறக்க வேண்டும். முதல் பருவத்தில் பழைய பேரேடும் கூடவே ஓட வேண்டும். இரட்டை வேலைதான், அலுப்பாகத்தான் இருக்கும்.

கரும்பிலேயே இந்தியாவில் ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. உத்தரப் பிரதேசத்தில் நிலக் கணக்கெடுப்பு, பதிவு, வெட்டு முறை எல்லாம் கணினிக்கு வந்துவிட்டன; ஆலைக்குக் கரும்பு கொண்டுவரும் சீட்டு விவசாயியின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது. ‘இ-கன்னா’ செயலியில் தன் கணக்கை அவரே பார்க்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது செயலியை அல்ல. கணக்கெடுப்பு விவரத்தை ஊர் ஊராக விவசாயிகள் முன் வைத்துத் திருத்தம் கேட்கிறார்கள். அந்த உழைப்பைக் கவனிக்க வேண்டும். அலைபேசி எண் ஒன்று பிழையானால் சீட்டு எங்கோ போய்விடும்.

சிறு தொழில்களுக்கு அளவு வேறு. திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்கா போன்ற இடங்களில் தொடங்கும் ஒரு சிறு நிறுவனம் கெட்டுப்போன ஒரு பாட்ச் எந்தக் கடைகளுக்குப் போனது, எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று அரை மணி நேரத்தில் சொல்ல முடிந்தாலே பெரிய விஷயம். டேலி கணக்கு மென்பொருளும் ஒழுங்கான இருப்புப் பதிவும் பலருக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மும்பையில் உருவான திறமூல மென்பொருளான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் இருக்கிறது, மூலநிரல் இலவசம், பொருத்தித் தருவதும் பழக்கித் தருவதும் இலவசமல்ல.

எந்த ஒப்பந்தத்திலும் எழுத மறக்கும் வரி ஒன்றும் உண்டு: கணக்கு யாருடையது? திருமண்டங்குடியில் திரு ஆரூரான் சர்க்கரை ஆலை கைமாறிய பிறகு, தங்கள் பெயரில் பழைய ஆலை நிர்வாகம் வங்கிக் கடன் வாங்கியிருப்பதாகவும் நிலுவை தரவில்லை என்றும் குற்றம்சாட்டி 2022 நவம்பரில் கரும்பு விவசாயிகள் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். இப்படிப்பட்ட தகராறில் விவசாயிக்குக் கைகொடுப்பது அவர் கையில் இருக்கும் கணக்குதான். கரும்பு தந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்பது 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த 14 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது, எவ்வளவு எடை, எந்தக் கடனுக்கு எவ்வளவு பிடித்தம் என்பதைத் தமிழில், அன்றைக்கே விவசாயியின் கைக்கு அனுப்பும் வசதியைக் கூடுதல் கட்டணத்தில் வாங்கும் துணைப் பகுதியாக விடக் கூடாது. டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆலை கைமாறினாலும் விற்பனையாளர் மாறினாலும் பழைய பதிவுகளை முழுதாக எடுத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து.