கோடு விழுமுன் களமிறங்குவோம்!

மலையகத் தோழர்களே,

மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணயப் பேச்சு திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. அது கொழும்பில் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அந்த எண்ணத்தை இன்றே விடுங்கள். வாக்குப் பெட்டி தோட்டத்துக்கு வருமுன்பே வரைபடத்தில் நம்மைத் தோற்கடித்துவிட முடியும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைவிடக் கொடுமை, தொகுதிகளைப் பிரித்தபோது குடியுரிமை இழந்த நம் தலைகளையும் சேர்த்தே எண்ணினார்கள். நம் எண்ணிக்கையால் மலைநாட்டுக்குக் கூடிய இடங்களுக்கு நம்மால் வாக்களிக்க முடியவில்லை. இந்த அநியாயத்தை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கிறது?

1977இல் நுவரெலியா-மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தது. அப்போது நம்மில் ஒரு பகுதியினருக்குத்தான் குடியுரிமை. இருந்தும் சௌமியமூர்த்தி தொண்டமான் மக்கள் வாக்கால் மறுபடி நாடாளுமன்றம் போனார். தொகுதியின் வடிவம் அந்த வழியைத் திறந்தது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளில் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டுக் கிடந்ததும் நினைவிருக்கட்டும். விடாமல் கேட்டதால்தான் 2018 தேர்தலுக்கு முன் அந்த இரண்டும் ஆறாயின. கொட்டகலைக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபை கிடைத்தது.

அதே 2018 ஆகஸ்டில் மாகாண சபை எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. பாதி உறுப்பினர்கள் தொகுதி வழியாக, பாதிப் பேர் விகிதாசார வழியாக என்ற 2017 சட்டத்தின்படி தயாரான அறிக்கை அது. சிதறி வாழும் நாமும் முஸ்லிம் சகோதரர்களும் அந்தத் தொகுதிகளில் கரைந்துபோவோம் என்று சிறுபான்மைக் கட்சிகள் எதிர்த்தன. அறிக்கைக்கு ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. ஆனால் அடுத்த அறிக்கையும் தானாகத் தோற்றுவிடும் என்று யாரும் நம்பி இருக்காதீர்கள்.

காலையில் ஒரே பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்கும் மக்களில் மேற்கணக்கை ஒரு தொகுதியிலும் கீழ்க்கணக்கை இன்னொன்றிலும் போட்டுவிட்டால் போதும், இரண்டிலும் நாம் சிறுபான்மை. வாக்கு எல்லாம் இருக்கும், ஆள் போகமாட்டார். பதுளையிலும் மாத்தளையிலும் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இந்த ஆபத்து இன்னும் பெரிது.

ஆகவே தோழர்களே, எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம் என்ற பேச்சைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். தோட்டத் தலைவர்களும் ஆசிரியர்களும் ஒரே பாயில் உட்காருங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமார் முன்வரிசைக்கு வரவேண்டும். எந்த லயத்தில் எத்தனை குடும்பம் என்பது அவர்களுக்குத்தான் அத்துபடி. கணக்கு வாரியாகக் குடும்பங்களை எழுதுங்கள். எந்தக் கணக்கு எந்தக் கிராம சேவகர் பிரிவில் இருக்கிறது என்று குறியுங்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

மனுவில் இரண்டு கோரிக்கை இருக்கட்டும்: ஒரு தோட்டத்தை இரண்டாகப் பிளக்கக் கூடாது, நாம் கலந்து வாழும் இடங்களில் பல உறுப்பினர் தொகுதி வேண்டும். ஞாயிறு காலை கோயில் முற்றத்தில் கூடுவோம். வீட்டுக்கு ஒருவர் தேசிய அடையாள அட்டையோடு வாருங்கள், கையெழுத்து அன்றே தொடங்குகிறது.