பனையில் ஒன்று, சுவரில் ஒன்று

செய்தி மேசையில் இருந்த காலத்தில் நான் எழுதிய படக்குறிப்பு ஒன்று இன்றும் உறுத்துகிறது. மன்னார்த் தீவின் பனங்கூடலுக்கு மேலே சிறு பறவைகள் கூட்டமாகப் பறக்கும் படம் அது. 'தகைவிலான்கள்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். சில நாள்களில் மன்னாரிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "ஐயா, தகைவிலான் மின்கம்பியில் குந்தும். நீங்கள் போட்டிருப்பது எந்தக் கம்பியிலும் குந்தாது." அவ்வளவுதான்.

அவர் சொன்னது சரி. அவை உழவாரன்கள். அவற்றின் சின்னஞ்சிறு கால்கள் எதையேனும் பற்றித் தொங்க உதவுமே அன்றிக் கிளையிலோ கம்பியிலோ அமர உதவா. இரை பிடிப்பதும் நீர் பருகுவதும் பறந்தபடியேதான்.

உழவாரன் என்று அறிந்தபின் அடுத்த குழப்பம் வரும். பனை உழவாரனா, நாட்டு உழவாரனா? நாட்டு உழவாரன் கரியது, கட்டையான உடல். தொண்டையும் இடுப்பும் வெள்ளை. வால் குட்டையாய்ச் சதுரமாக வெட்டினாற்போல் இருக்கும். பனை உழவாரன் மங்கிய பழுப்பு. மெலிந்த உடல், அரிவாள் போன்ற ஒடுங்கிய சிறகு, நீண்டு பிளந்த வால். நூல்களில் எளிதாகத்தான் இருக்கிறது. வெயிலுக்கு எதிரே கீழிருந்து பார்த்தால் இரண்டுமே கருப்பு. வெள்ளை இடுப்பு கண்ணில் படாது. பனை உழவாரன் நேராகப் பறக்கையில் வாலை ஊசிபோல் மூடிக்கொள்ளும். திரும்பும்போதுதான் பிளவு தெரியும். அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று கேட்கலாம். இரண்டின் வீடும் வேறு. நாட்டு உழவாரன் கட்டடங்களிலும் பாலங்களின் அடியிலும் பாறை இடுக்கிலும் கூட்டமாகக் கூடு கட்டும். பனை உழவாரனோ பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு செய்யும். முன்பு இதனோடு ஓரினமாகக் கருதப்பட்ட ஆப்பிரிக்கப் பனை உழவாரனும் அப்படியே. காவோலை விழக் குருத்தோலை சிரித்த கதை நமக்குத் தெரியும்; ஓலையில் குடித்தனம் நடத்தும் இப்பறவைக்கு ஒரு பழமொழியும் நான் கேட்டதில்லை.

போர்க்காலத்தில் எறிகணைக்கும் பதுங்குகுழிக்கும் வடக்கு இழந்த பனைகள் கொஞ்சமல்ல. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட, 103.5 மெகாவாட் தம்பபவனித் திட்டம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025-இல் தீவு மக்கள் வீதிக்கு வந்தனர். அந்த விவாதத்தில் நான் படித்தவற்றில் பூநாரையும் வலசைப் பறவைகளும் வந்தன. ஆண்டு முழுதும் அங்கேயே வாழும் இந்தச் சிறு பறவை வரவில்லை.

மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பனங்கூடலுக்குள் பாதை வெட்டுமுன் எடுக்கும் கணக்கில் 'உழவாரன்' என்று ஒரே வரியில் எழுதிவிடக் கூடாது என்கிறேன். பனைகள் குறைந்து கட்டடங்கள் பெருகினால், பனை உழவாரன் ஒழிந்த இடத்தை நாட்டு உழவாரன் நிரப்பிவிடக்கூடும். மொத்த எண்ணிக்கை மாறாது. இழப்பு நடந்ததே தாளில் தெரியாது.

அந்த அஞ்சலட்டைக்கு நான் திருத்தம் வெளியிடவில்லை. சிறு விடயம் என்று விட்டுவிட்டேன். இப்போது வெளியிடுகிறேன். படத்தில் இருந்தவை பனை உழவாரன்கள்.