நோயுற்ற குழந்தை இருக்கும் வீட்டில் பாட்டு ஒலிக்கலாமா?

நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். என்ன உணவு கொடுக்கலாம், மீண்டும் எப்போது அழைத்து வரவேண்டும், விட்டுப்போன பாடங்களை எவ்வாறு ஈடு செய்வது? மூன்றும் நியாயமான கேள்விகளே. இத்தனை நாள் வீட்டுக்குள் இருக்கப்போகும் குழந்தை எதில் மகிழும் என்னும் நான்காவது கேள்வியை மட்டும் மிகச் சிலரே கேட்கின்றனர். அதனைக் குறித்தே இங்கு எழுத விரும்புகிறோம்.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்வதுண்டு. அதில் பல மாதங்கள், நோய்த்தொற்றுக்கு அஞ்சிக் குழந்தை வீட்டிலேயே பயில நேர்கிறது. கணக்கும் ஆங்கிலமும் பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்தில், பெற்றோர் முதலில் கைவிடுவது பாட்டைத்தான். சில இல்லங்களில் வேறொரு காரணமும் உண்டு. நோயாளி இருக்கும் வீட்டில் பாட்டும் கூத்தும் எதற்கு என்று உறவினர் முகம் சுளிப்பர். பெற்றோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வர். இவை இரண்டுமே தவறு என்பது எங்கள் கருத்து.

இசை நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பணி மருந்துக்கு உரியது. ஆனால் நோய்ப்படுக்கையில் குழந்தை இழப்பது உடல்நலத்தை மட்டுமன்று. எப்போது உண்பது, எப்போது ஊசி, எவரைச் சந்திக்கலாம் என்று அனைத்தையும் பிறரே முடிவு செய்கின்றனர். எந்தத் தாளம், எந்தப் பாட்டு என்பதையாவது குழந்தை தானே தேர்ந்தெடுக்கட்டும். அச்சிறிய உரிமை அதன் முகத்தை மாற்றுவதை எங்கள் குழந்தைகள் பிரிவில் பன்முறை கண்டிருக்கிறோம்.

பாடத்துக்கும் இதனால் இழப்பில்லை. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை. மொத்தம் 8 எண்ணிக்கை. முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம் வீதம் 8, இரண்டாங்காலத்தில் 16, மூன்றாங்காலத்தில் 32. இது பெருக்கல் வாய்பாடேயன்றி வேறென்ன? ஒரு கையில் ஊசிக்குழாய் இருப்பினும், மறு கையால் தலையணைமீது மெல்லத் தட்டியே இதனைப் பழகலாம். எழுந்து அமர இயலாத நாளில் தகிட என மூன்றும், தகதிமி என நான்கும், இரண்டையும் சேர்த்து ஏழும் வாயால் சொன்னாலே போதும். வீட்டிலுள்ளோர் பெயர்களை இக்கணக்கில் பொருத்திச் சொல்லச் சொன்னால் சிரிப்புக்குக் குறைவிராது.

பீங்கான் கிண்ணங்கள் ஐந்தாறில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றி, சிறு குச்சியால் தட்டினால் வீட்டிலேயே ஜலதரங்கம் கிடைக்கும். நீர் கூடக்கூட ஒலி தாழும். குறுகிய வாயுடைய புட்டியின் விளிம்பில் ஊதினாலோ, நீர் கூடக்கூட ஒலி உயரும். கிண்ணத்தில் அதிர்வது நீரைச் சுமந்த கிண்ணம். புட்டியில் அதிர்வது மிஞ்சியிருக்கும் காற்று. விடையை உடனே சொல்லிவிடாமல், ஏன் என்று குழந்தையையே எண்ணவிடுங்கள்.

சோர்வு மிகுந்த நாளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. கண்களை மூடி இரண்டு நிமிடம் கேட்ட ஒலிகளைப் பட்டியலிடுவது. குக்கர் விசில், மின்விசிறியின் முனகல், தெருவில் காய்கறி விற்பவரின் குரல். பாட்டியின் தாலாட்டைக் கேட்டு ஏட்டில் எழுதிவைப்பது தமிழ்ப் பாடமாகவும் ஆகும். வகுப்புத் தோழர் ஒருவர் ஒரு தாளத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்ப, உங்கள் குழந்தை அதற்கு மறுதாளம் அனுப்பலாம். நட்பின் இழப்பே குழந்தைகளை மிகவும் வருத்துவது. ஆகவே இந்த ஒரு முயற்சியையேனும் தவறவிட வேண்டாம் என வேண்டுகிறோம்.

சில எச்சரிக்கைகளையும் மனத்திற்கொள்ள வேண்டும். ஊதுகுழல், புட்டி போன்றவற்றை ஒருவர் வாய்வைத்தபின் மற்றவர் பயன்படுத்தலாகாது. மார்பு அல்லது வயிற்று அறுவைக்குப் பின் ஊதும் விளையாட்டுக்கு மருத்துவரின் ஒப்புதல் தேவை. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது பலமாகத் தட்டும் கருவிகளைத் தவிர்க்கவும். பயற்றை இட்டுக் கிலுகிலுப்பை செய்தால் மூடியை இறுக அடைத்திடுக. சிறு குழந்தை வாயிலிட்டால் மூச்சடைக்கும். கைப்பேசியின் ஒலி மிகாதிருக்கட்டும். குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. சிஸ்பிளாட்டின் போன்ற சில மருந்துகள், குறிப்பாக உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். குழந்தை அடிக்கடி ஒலியைக் கூட்டச் சொன்னாலோ, மெல்லிய உயர்ந்த ஒலிக்குத் திரும்பாவிட்டாலோ, தாமதமின்றி எங்களிடம் தெரிவியுங்கள்.

இறுதியாக ஒன்று. இதனையும் ஒரு மருந்துபோல் நேரம் குறித்துப் புகட்டாதீர்கள். சுருதி விலகினால் திருத்தாதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் கைகளும் ஓயட்டும். மாத்திரைகளை எண்ணிக் களைத்த தாயும் தந்தையும் குழந்தையருகே அமர்ந்து பத்து நிமிடம் தாளம் போடுவதில் தவறேதும் இல்லை. உறவினர் வினவினால், மருத்துவமனையில் சொன்னார்கள் என்று தயங்காமல் கூறுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இரத்த அறிக்கையோடு, குழந்தை புதிதாகக் கற்ற ஒரு தாளத்தையும் கொண்டு வாருங்கள். எங்களுக்கும் அதனைக் கற்பிக்கட்டும்.